கட்டம் சேராத போர்வை

இந்த வீட்டில் இனி ஊசி இருக்கும், இல்லாவிட்டால் நான் இருப்பேன் என்று போன ஆனி மாதம் ஒரு முடிவெடுத்தேன். ஊசியும் இருக்கிறது. நானும் இருக்கிறேன். என்ன லட்சணத்தில் இருக்கிறேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மனைவி யோகலட்சுமி ஒட்டுப்போர்வை தைக்கிறாள். அடியில் பழைய புடவை, நடுவில் அதைவிடப் பழைய புடவை, மேலே துண்டுத் துணிகளை ஒட்டிய விரிப்பு. மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல். திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எனக்கு லுங்கிக் கடை. பொதட்டூர்பேட்டைத் தறிகளில் ஒதுக்கும் துண்டுகள் மூட்டையாக வரும். அதனால் அவளுக்குத் துணிப் பஞ்சமே இல்லை.

தைப்பதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். போனில் தையல் வீடியோ போடும் யாரோ ஒரு அம்மா, "உங்களுக்கென்று ஒரு ஸ்டைல் இருக்கிறது, அதைத் தேடுங்கள்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அன்றிலிருந்து இவள் தேடுகிறாள். வட்டம் வட்டமாக வெட்டித் தேடினாள், என் வெள்ளை வேட்டி போயிற்று. முக்கோணமாக வெட்டித் தேடினாள், தீபாவளிச் சட்டை போயிற்று. எதிரே மலைமேல் இருக்கும் முருகனைக்கூடப் படியேறினால் பார்த்துவிட்டு வரலாம். இவள் ஸ்டைல் மட்டும் கண்ணில் படவே இல்லை. கட்டில் முழுக்கத் துணி. நான் தரையில்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தால், முகமெல்லாம் பல்லாக நின்றாள்.

"கிடைச்சிடுச்சு பாவா."

அத்தை மகள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் அவளுக்குப் பாவாதான், அதாவது அத்தான். போர்வையை விரித்தாள். எனக்குத் தலை சுற்றியது. எல்லாம் லுங்கித் துண்டு. ஒரு கட்டமும் இன்னொரு கட்டத்தோடு சேரவில்லை. ஒன்று ஆந்திராவைப் பார்த்துச் சாய்கிறது, அடுத்தது அரக்கோணத்தைப் பார்த்து வழுக்குகிறது.

"இன்னா இது?"

"என் ஸ்டைலு."

"கட்டம் சேரலியே."

"சேரக் கூடாது. அதான் ஸ்டைலு."

"நேரா தைக்கத் தெரியாதவங்க தைச்சா எப்படி இருக்கும்?"

"இப்படித்தான் இருக்கும். ஆனா நான் தெரிஞ்சி தைச்சிருக்கேன்."

நான் பொதட்டூர்பேட்டைக்காரன். முட்டி தேயும் வரை தறி ஓட்டியவன். கோடு ஓர் இழை விலகினால்கூட எங்களுக்குச் சோற்றில் கல் கடித்தது போல. இவளுடைய அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. இவள் தறியைத் தொட்டதே கிடையாது. போகட்டும், யாருக்கு இந்தப் போர்வை என்று கேட்டேன். என் அண்ணன் ஆறுமுகத்தின் புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காம்.

அண்ணன் சொந்தத் தறி வைத்திருப்பவன். அவன் தெருவில் பிறந்த குழந்தை அம்மா முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் புடவையில் கட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்கும். அங்கே இதைக் கொண்டுபோய் விரித்தால் என் மானம் கப்பலேறிவிடும். ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று கெஞ்சினேன். குடம் எல்லாரும் கொண்டுவருவார்கள், ஸ்டைலை யார் கொண்டுவருவார்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அப்போதுதான் அந்தத் திட்டம் உதித்தது. கிருத்திகையன்று பக்கத்து வீட்டு சுஜாதாவோடு மலைக்குப் போவாள். அந்தக் கூட்டத்தில் சாமி பார்த்துத் திரும்பச் சாயங்காலம் ஆகும். அவள் தெரு திரும்பியதும் கடையைச் சாத்தினேன். வீட்டுக்கு வந்து தாழ் போட்டேன். மூக்குக் கண்ணாடி, பிளேடு, ஊசி. கோணல் தையலை எல்லாம் பிரித்து, கோட்டுக்குக் கோடு வைத்து, திரும்பத் தைத்தேன். வெளியே சொல்லக் கூடாது, அத்தனை சந்தோஷமாக இருந்தது. தறியை விட்டபிறகு கைக்கு அப்படி ஒரு வேலை வாய்க்கவே இல்லை.

மடித்தது மடித்தபடி வைத்துவிட்டேன். வந்தவள் எனக்குத் திருநீறு பூசினாள், போர்வையை எடுத்து அடிப்பக்கத்தை ஒருமுறை தடவினாள், பைக்குள் வைத்தாள். பாவம், இவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கிரகப்பிரவேசத்தில் அண்ணன் போர்வையை விரித்து, ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டினான். விரல் எங்கேயும் தடுக்கவில்லை. "துண்டுத் துணி மாதிரியே இல்லியே, தறியிலருந்து இறக்கின மாதிரி இருக்குதே" என்றான். பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். யோகலட்சுமி தலையைக் குனிந்து, "ஏதோ எனக்கு வந்த ஸ்டைலு, பெரிய பாவா" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? தறி ஓட்டியவன் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பெண்டாட்டியின் போர்வையைத் தைத்தான் என்று தெரிந்தால் அந்தத் தெரு அடுத்த பொங்கல் வரை சிரிக்கும். வாயை மூடிக்கொண்டு வடையைத் தின்றேன்.

அதற்கப்புறம் அந்தத் தெருவே போர்வை கேட்டது. இவளும் தைத்துத் தள்ளினாள், ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கோணல். கூடவே பக்தியும் வளர்ந்தது. முதலில் கிருத்திகைக்கு மட்டும் மலைக்குப் போனவள், பிறகு சஷ்டிக்கும் போனாள், பிறகு செவ்வாய்க்கிழமை தவறாமல் போனாள். அவள் சாமி கும்பிட்டாள். நான் பிரித்தேன், தைத்தேன். கடையை அடிக்கடி சாத்துவதைப் பார்த்து எனக்குச் சர்க்கரை வியாதி என்று பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள்.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. போன செவ்வாய்க்கிழமை அவள் அர்ச்சனைத் தட்டை எடுக்கும்போது வழிமறித்தேன். இத்தனை நாளும் அவள் வாங்கிய பேரெல்லாம் என் கைவேலை என்று போட்டு உடைத்தேன். அவள் அதிரவே இல்லை. போன வாரம் நான் பிரித்துத் தைத்த ஒரு போர்வையை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"இந்த முடிச்சு பாத்தீங்களா பாவா? தறியில அறுந்த இழைக்குப் போடறது. இந்தத் தெருவுல வேற யாருக்கு வரும்?"

"அப்போ மொதல் நாளே தெரியுமா?"

"ஆங்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க."

"நேரா தைக்க உனக்கு நெசமாவே வராதா?"

"இப்பல்லாம் நல்லாவே வருது. ஆனா கோணலா வெச்சாதானே நீங்க உக்காருறீங்க. அந்த போன் அம்மா சொன்னது சரிதான் பாவா. ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஸ்டைலு இருக்குது. எனக்கு நீங்கதான்."

இனி ஊசியைத் தொட்டால் என் பேர் குமரவேல் இல்லை என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. சரி, விட்டுவிடுங்கள் என்றாள். கட்டிலில் கிடக்கும் போர்வை பெரிய பாவாவின் சம்பந்தி வீட்டுக்குப் போகிறதாம். அப்படியே கோணலாகக் கொடுத்துவிடுவாளாம். யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லி, இதைத் தைப்பது எங்கள் வீட்டுக்காரர்தான் என்று என் பேரையே சொல்லிவிடுவாளாம்.

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். நான் கட்டில் பக்கம் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்துவிட்டேன். நட்டநடுவில் ஒரு சிவப்புக் கோடு, பக்கத்துக் கோட்டைவிட்டு ஒரு விரல் தள்ளி நின்றுகொண்டிருந்தது.

"யோகா, என் கண்ணாடி எங்க வெச்ச?"

"ஊசியில நூல் கோத்து, அதும் பக்கத்துலதான் வெச்சிருக்கேன்" என்று வாசலிலிருந்து பதில் வந்தது.