சம்பந்திக்கு, படகின் சிவப்புக் கம்பி குறித்து

மருந்துகளின் குணத்தையும் மனிதர்களின் குணத்தையும் ஒருங்கே அறிந்தவரும், என் மகளைத் தம் மகளாகவே ஏற்றுக்கொண்ட பெருந்தகையுமான சம்பந்தி அவர்களுக்கு, இறையருளை முன்னிறுத்தி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் சம்பந்தியம்மாளும் நலம். அவ்விடத்து நலத்துக்காக நாள்தோறும் காலை வழிபாட்டில் வேண்டிவருகிறேன். தாங்கள் என்னோடு பேசாதிருக்கும் இந்நாள்களில் அவ்வேண்டுதல் சற்றே நீண்டுவிடுவதால், காலை உணவு ஆறிப்போகிறது என்று இங்கே ஒரு புகாரும் உண்டு.

நம் இரட்டை மோட்டார் பொம்மைப் படகைப் பற்றித்தான் எழுதுகிறேன். மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின்மேல் அதை நாம் கட்டி முடித்து, அதுவரை அவ்வீட்டார் தட்டை மடியில் வைத்து உண்டு, பின் ரிமோட் முதலான மின்கருவிகளைத் தேர்ந்தெடுக்க இருவருமாகக் கடைக்குப் போனதும், கடைக்காரர், “மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கற கன்ட்ரோலர் ரெண்டு மோட்டாருக்கும் சேர்த்து ஒண்ணே போட்டு, திரும்பறதுக்குச் சுக்கான் வைக்கறீங்களா, இல்ல மோட்டாருக்கு ஒண்ணா தனித்தனியா வேணுமா? தனியா போட்டா ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால சுத்தி, நின்ன இடத்துலயே படகு திரும்பும்” என்று கேட்டதும் தங்களுக்கு நினைவிருக்கும். ஆளுக்கொன்று என்ற எண்ணம் நம் இருவருக்குமே தேனாக இனித்தது. வலப்பக்கத்து மோட்டாரும் கன்ட்ரோலரும் தங்களுடையவை, இடப்பக்கம் என்னுடையது. தங்கள் பக்கத்து மூடியை நான் திறப்பதில்லை, என் பக்கத்து மூடியைத் தாங்கள் திறப்பதில்லை என்பதும் அன்றே ஏற்பட்ட ஒழுங்கு. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த மனிதர் இன்னொரு வார்த்தை சொல்லும் வரையில். “ரிமோட் சொல்றதைக் கேக்கற இந்தச் சின்னப் பெட்டிதான் ரிசீவர். இதுக்குக் கன்ட்ரோலர்லேருந்து சிவப்பு ஒயர் வழியாத்தான் கரன்ட் போகும். ஒண்ணு குடுத்தா போதும். ரெண்டும் குடுத்தா மோதிக்கிட்டுப் புகைஞ்சிரும். அதனால யாராவது ஒருத்தர் உங்க சிவப்பு ஒயரைக் கழட்டிருங்க” என்றார்.

யாராவது ஒருவர்! நம் இருவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? “உங்களோடதே இருக்கட்டும், சம்பந்தி” என்றேன் நான். “சேச்சே, வயசுல பெரியவங்க நீங்க. உங்களோடதுதான் இருக்கணும்” என்றீர்கள். “மாப்பிள்ளை வீட்டார் நீங்க” என்றேன். “பொண்ணைக் குடுத்தவர் நீங்க” என்றீர்கள். கடைக்காரர் இதற்கிடையே வேறு இருவருக்கு வியாபாரம் முடித்து அனுப்பிவிட்டார். நம் பிள்ளைகளின் திருமணத்தன்று மண்டப வாசலில், “நீங்க முதல்ல”, “இல்ல, நீங்க முதல்ல” என்று நாம் நின்றதில் பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் வெயிலில் காய்ந்ததைத் தங்கள் சம்பந்தியம்மாள் இன்றுவரை மறக்கவில்லை. அன்றைக்காவது புகைப்படக்காரர் இருவரையும் சேர்த்து உள்ளே தள்ளிவிட்டார். கடையில் தள்ள ஆளில்லை. “பார்த்துக்கலாம்” என்று வீடு திரும்பினோம்.

அதன்பின் குளக்கரை. இரு வீட்டாரும் கூடி நிற்க, நான் மனத்துக்குள் துதி சொல்ல, தாங்கள் ரிமோட்டின் இரு குச்சிகளையும் முன்னால் தள்ள, படகு தவத்தில் அமர்ந்த முனிவரைப் போல அசையாமல் நின்றது. பிறகு காற்று அதைத் தள்ளிக்கொண்டுபோய் நாணற்புதரில் சேர்த்தது. மாப்பிள்ளை கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். “உங்க பக்கம்தான் ஏதோ கோளாறு, சம்பந்தி” என்றீர்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். “என் பக்கம் கோளாறுன்னா உங்க பக்கமாவது ஓடியிருக்கணுமே” என்றேன். வாதம் சரியானதுதான், சொன்ன இடம்தான் தவறு. தாங்கள் தேநீர்கூட அருந்தாமல் புறப்பட்டீர்கள். அன்றுமுதல் நம் பேச்செல்லாம் என் மகள் வழியாகத்தான். நேற்று அவள், “அவர் நல்லா இருக்காரான்னு நீங்க கேக்கறீங்க, நீங்க நல்லா இருக்கீங்களான்னு அவர் கேக்கறார். நடுவுல நான் என்ன தபால்பெட்டியாப்பா?” என்று போனை வைத்துவிட்டாள்.

மனம் பொறுக்காமல் படகைக் கடைக்காரரிடம் எடுத்துச் சென்றேன். அவர் எந்த ஒழுங்கையும் பாராமல் இரு மூடிகளையும் ஒருசேரத் திறந்தார். என் சிவப்புக் கம்பி, நான் யாருக்கும் சொல்லாமல் கழற்றிப் பச்சை நூலால் கட்டியபடி இருந்தது. தங்கள் சிவப்புக் கம்பியும், சம்பந்தி அவர்களே, கழற்றப்பட்டு, மருந்துக்கடைப் பிளாஸ்திரி சுற்றி, காயம்பட்ட விரல்போல் பத்திரமாக இருந்தது! கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ரெண்டு பேரும் கழட்டிட்டா கரன்ட் எங்கேருந்து வரும் சார், ஆகாசத்துலேருந்தா?” எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. பாற்கடலைக் கடைந்தவர்கள்கூட ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். நாமோ ஆளுக்கொரு பக்கம் விட்டுக்கொடுத்தோம். கடல் அப்படியே இருந்துவிட்டது.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தேன். மரியாதை கொடுப்பது எளிது, கொடுத்ததை வாங்கிக்கொள்ளத்தான் பணிவு வேண்டும். தாங்கள் எனக்களித்த பெருமையைத் தலைவணங்கி ஏற்று, இன்று காலை படகோடு மகள் வீட்டுக்குப் போய் என் சிவப்புக் கம்பியை மீண்டும் இணைத்துவிட்டேன். தாங்கள் இல்லாமல் ஓட்டிப் பார்க்க மனம் வரவில்லை. படகு பழுதற்று, ஆயத்தமாக இருக்கிறது. வரும் ஞாயிறு குளக்கரைக்கு அவசியம் வரவேண்டும். வராவிட்டால் அது ஓடினாலும் எனக்கு ஓடினதாகாது.

தங்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும் நீண்ட ஆயுளும் குறைவற்ற நலமும் அருளுமாறு இறைவனை வேண்டி,

என்றும் தங்கள் இடப்பக்கத்துக்காரன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மகள் போனில் அழைத்தாள். கடைக்காரர் தங்களிடமும் சொல்லிவிட்டாராமே. இன்று மதியம் தாங்களும் அவள் வீட்டுக்கு வந்து, “சம்பந்தி குடுத்த மரியாதையை இந்தத் தடவை வாங்கிக்கிட்டேன்மா” என்று தங்கள் கம்பியை இணைத்துவிட்டு, என் பக்கத்து மூடியைத் திறப்பது நாகரிகமன்று என்று அப்படியே போய்விட்டீர்களாம். மாலையில் மாப்பிள்ளை சோதித்துப் பார்க்கச் சுவிட்சைப் போட்டிருக்கிறார். கடைந்தால் முதலில் நஞ்சுதான் வரும் என்பது பொய்யில்லை. வீடு முழுக்கப் புகையாம். எனவே படகு ஆயத்தமாக இருப்பதாக மேலே எழுதியதைத் தள்ளிவிடவும். நாளைக் காலை புது ரிசீவர் வாங்க நாம் சேர்ந்தே போகவேண்டும் என்பது மகளின் உத்தரவு. எந்தக் கம்பி இருப்பது என்பதை இனி அவளே பார்த்துக்கொள்வாளாம். நானும் சம்மதித்துவிட்டேன். ஆனால் கடை வாசலில் முதலில் நுழைவது தாங்கள்தான். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.