மச்சினன் கையை அழுத்த மாட்டேன் என்கிறான்

அன்பு மாப்ள சிவக்குமாருக்கு,

மாமா காசிமாயன் ஆஸ்பத்திரி வராண்டாவிலிருந்து எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுதித்தான் கை பழகியிருக்கிறது. உன் அப்பா கண்ணுச்சாமியின் வாயில் குழாய் இருக்கும்போது அப்படி எழுத மனம் வரவில்லை. போனில் பேசினால் பக்கத்திலிருந்து உன் அத்தை அழுகிறாள். அதனால்தான் எழுதி, போட்டோ பிடித்து குவைத்துக்கு அனுப்புகிறேன்.

நிமோனியா குறைந்துவிட்டதாம். இன்று தூக்க மருந்தை நிறுத்தினார்கள். கண் விழித்து, சொன்னதைக் கேட்டுக் கையை அழுத்தினால்தான் மூச்சு மிஷினிலிருந்து எடுத்துப் பார்ப்பார்களாம். இல்லையென்றால் குழாய் அப்படியே இருக்கும். இருக்க இருக்க நுரையீரலுக்கு ஆபத்து. இங்கே ஐசியு நர்சுகளுக்குப் புதுப் பயிற்சி நடக்கிறது. கனகா என்கிற மூத்த நர்சம்மா பாடம் எடுக்கிறார். "வழக்கமா இப்படித்தான் செய்வோம்னு யாரும் சொல்லக் கூடாது. ஆதாரம் என்ன? அதச் சொல்லு" என்கிறார். சரிதானே? விதை முளைக்கும் என்று வாயால் சொன்னால் போதாது, ஈரத்துணியில் வைத்துக் காட்டணும் என்று நானும் வாத்தியாராக இருந்தபோது வகுப்பில் சொன்னவன்தான். பயிற்சிக்கு வந்திருக்கும் பவதாரிணி என்ற புள்ள, "சொந்தக்காரங்க குரல் கேட்டா பதறாம முழிப்பாங்கன்னு ஆராய்ச்சில சொல்லிருக்காங்க, உள்ள வாங்க சார்" என்று என்னைக் கூப்பிட்டுச்சு.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உனக்குத் தெரியாததா? என் மக கல்யாண பிளெக்ஸ்ல, சமையல்காரர் படத்தைவிடத் தாய்மாமன் உங்கப்பன் படத்தைச் சின்னதாப் போட்டுட்டான் அச்சடிச்சவன். அதுலருந்து நாலு வருஷமா அவன் என்னை மச்சான்னு கூப்பிட்டதில்ல. "தாயி, என் குரல் அவனுக்கு ஆகாது"ன்னேன். "ஆராய்ச்சில அப்படி இல்லீங்களே சார்"ங்குது. போனேன். அவன் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "கண்ணுச்சாமி, அழுத்துடா"ன்னேன். கண்ணைத் தொறந்தான். என்னைப் பார்த்தான். மூடிக்கிட்டான். இன்னும் இறுக்கிப் பிடிச்சு இன்னொரு தடவை கத்துனேன். மூஞ்சியச் சுளிச்சானே தவிர, கை அசையல. மிஷின் வேற கூவுது.

"சொன்னது புரியல போலக்கா, மருந்தைத் திரும்ப ஆரம்பிச்சிரலாமா?"ன்னு பவதாரிணி கேட்டுச்சு.

கனகா, "இரு"ன்னாங்க. "சார், உங்களுக்கும் அவருக்கும் ஏதாச்சும் வருத்தமா?" பிளெக்ஸ் கதையைச் சொன்னேன். அவங்க சிரிக்கல. "பாத்தியா பவா, ஆராய்ச்சி ஆயிரம் பேரைப் பத்திச் சொல்லும். இந்தக் கட்டில்ல படுத்திருக்கவரு யாருன்னு நீதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். சார், கொஞ்சம் வெளிய நில்லுங்க." நின்னேன். கதவு மூடுச்சு. காதைக் கதவுல வச்சுக்கிட்டேன். உள்ளருந்து பவதாரிணி குரல்: "அக்கா, அழுத்துறாரு! நல்லா அழுத்துறாரு!"

ஆகவே மாப்ள, விஷயம் நிரூபணமாகிவிட்டது. உன் அப்பனுக்கு என் மேல் அம்புட்டு வன்மம். இனி அந்த அறைப் பக்கம் போக மாட்டேன். லீவு கிடைத்ததும் நீ வந்து பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் அலையாதே. நீ நல்லா இருக்கணும் என்று நானும் அத்தையும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாமா காசிமாயன்

பி.கு.: மேலே நிரூபணம் என்று எழுதியதை அடித்துவிடு. சாயங்காலம் குழாயை எடுத்துட்டாங்க. "ஒரு தடவை நடந்தா அது ஆதாரமா சார்?" என்று சொல்லி கனகா என்னை மறுபடி உள்ளே தள்ளிவிட்டாங்க. உங்கப்பன் கரகரத்த தொண்டையில் என்னிடம் சொன்ன முதல் பேச்சு: "ஏன் மச்சான், கையை அந்த நசுக்கு நசுக்குனா நான் எங்கிட்டு அழுத்துறது?"