வெர்லினின் பம்பும் நாற்பது குஞ்சு மீன்களும்

மனித குலத்தில் ‘ஒண்ணும் ஆகாதார்’ என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். வண்டியில் எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிகிறதே என்றால், “அது அப்படித்தான் எரியும்” என்பார். கூரையில் ஈரம் படர்கிறதே என்றால், “அது போன வருஷத்து ஈரம்” என்பார். அவர் சொல்கிற தோரணையில், கேட்ட நமக்கே நம் பயத்தை நினைத்து வெட்கமாகிவிடும். வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவோம்.

இந்த இனம் எல்லா மண்ணிலும் விளையும் என்றாலும், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், வடமேற்கு மூலையில், எங்கள் குரூக்ஸ்டன் ஊரில் விளைவது தனி ரகம். வருஷத்தில் ஐந்து மாதம் எதுவாக இருந்தாலும் உறைந்து போகிற ஊரில் இருந்துகொண்டு ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும் அல்லவா? அந்தத் துணிச்சல் வெர்லின் ஹாக்ஸ்டாட்டிடம் வேண்டிய மட்டும் இருந்தது.

வெர்லினுக்குக் கம்பளம் கழுவும் தொழில். வேனுக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டி, சூடாக்கும் கருவி, உறிஞ்சும் இயந்திரம், எல்லாவற்றுக்கும் நடுவே தண்ணீரை விசையோடு தள்ளும் பித்தளைப் பம்பு. வேனை வாசலில் நிறுத்தி, குழாயை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனால், பத்து வருஷ அழுக்கு பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடும். ஆனால் பம்புக்குள் தண்ணீர் நின்று பனியானால், பனி விரியும், பித்தளை பிளக்கும், வேன் வெறும் பெட்டியாகிவிடும். இதைத் தடுப்பதில் ரகசியம் எதுவும் இல்லை. தண்ணீரை வடிக்க வேண்டும். உறையாமல் காக்கும் ரோஸ் நிறத் திரவத்தை ஊற்றி, குழாயின் மறுமுனையில் ரோஸாக வரும்வரை ஓட்ட வேண்டும். வேனுக்குள் ஒரு சின்ன மின் ஹீட்டர் எரிய வேண்டும். முடிந்தால் சூடான கொட்டகையில் நிறுத்த வேண்டும். இருபது நிமிஷ வேலை.

வெர்லினுக்கு இது தெரியாதா? தெரியும். ஊர்க் காபிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, போன வருஷம் பம்பைப் பறிகொடுத்த ஒருவருக்கு இதையே அரை மணி நேரம் விரல் விட்டு எண்ணிச் சொன்னவர் அவர்தான். இந்த இனத்தார் எதையும் அறியாதவர்கள் அல்ல. அறிந்ததெல்லாம் அடுத்தவருக்கு என்று நினைப்பவர்கள். அக்டோபரில் வாங்கிய ரோஸ் திரவக் கேன் மூடிகூடத் திறக்கப்படாமல், வேனின் பின்கதவு காற்றில் சாத்திக்கொள்ளாதபடி முட்டுக்கொடுக்கும் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தது.

இதெல்லாம் அவர் பாடு என்று விட்டிருக்கலாம். ஆனால் ஜனவரி மூன்றாவது சனிக்கிழமை அவர் மகள் சோல்வேக்குக் கல்யாணம். மாப்பிள்ளை, சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு பயிரிடும் விவசாயி. குளிர்காலம் விட்டால் அவருக்குக் கல்யாணம் செய்துகொள்ள நேரம் கிடையாது. விருந்து தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில். அந்தக் கூடத்துக் கம்பளம் இருபது வருஷக் காபியைக் குடித்துக் குடித்து, அது ஆதியில் என்ன நிறம் என்று பாதிரியாருக்கே தெரியாத நிலையில் இருந்தது. “அதை நான் பாத்துக்கறேன். என் பொண்ணு நடக்கிற தரை புதுசா இருக்கும்” என்று வெர்லின் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அதிகம் பேசாத அந்தக் குடும்பத்தில் அதுதான் அப்பாவின் சீர். வெள்ளிக்கிழமை காலையில் கழுவினால்தான் சனிக்கிழமைக்குள் காயும்.

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு, அவர் மனைவி கோர்லிஸ் சமையலறை ஜன்னலிலிருந்து ஆரம்பித்தாள்.

“வெர்லின், பூஜ்யத்துக்குக் கீழ இருபத்தெட்டுன்னு ரேடியோல சொல்றான்.”

“அவன் என்னிக்குக் கொறச்சுச் சொன்னான்?”

“பம்புத் தண்ணிய வடிச்சிட்டியா?”

“காலையில ஆறு மணிக்கு மறுபடி ரொப்பணும். எதுக்கு ரெண்டு வேலை?”

“அந்த ரோஸ் தண்ணியையாவது ஊத்தேன்.”

“உள்ள ஹீட்டர் எரியுது கோர்லிஸ். ஒண்ணும் ஆகாது.”

நியாயமாகப் பேச வேண்டும். அந்த நிமிஷத்தில் ஹீட்டர் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஐந்து மணிக்குத்தான் அது இடம் மாறியது. கல்யாணத்துக்கு மறுநாள் சம்பந்தியை உறைந்த ஏரிக்கு அழைத்துப் போய், பனியில் துளை போட்டு மீன் பிடிப்பதாக ஏற்பாடு. அதற்காகத் தூண்டிலில் மாட்ட நாற்பது குஞ்சு மீன்களை உயிரோடு ஒரு வாளியில் வாங்கி வந்திருந்தார். சமையலறையில் விருந்துக்குச் சுட்ட லெஃப்சா ரொட்டி அடுக்கடுக்காக ஆறிக்கொண்டிருந்ததால் வாளி உள்ளே வரக்கூடாது என்றாள் கோர்லிஸ். கராஜிலோ குளிர். வாளியில் பனி ஆடை கட்டத் தொடங்கியதைப் பார்த்து வெர்லினுக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குத்தானே என்று வேனுக்குள்ளிருந்த ஹீட்டரைக் கழற்றி வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். சோறு போடுகிற பம்பு வெளியே. தூண்டிலில் தொங்கப்போகிற குஞ்சுகளுக்கு வெதுவெதுப்பு. அந்த ஒரு மணி நேரம் விடியும்வரை நீண்டது.

அப்போதுகூட ஆண்டவன் கைவிடவில்லை. பக்கத்து மனையில் லாரி பழுதுபார்க்கும் எஸ்கலாந்தே வேலி ஓரம் வந்தார். அரிசோனா பாலைவனத்திலிருந்து வந்து குடியேறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் கொட்டகையில் கோடைபோலச் சூடு.

“வெர்லின், ராத்திரிக்கு வேனை என் கொட்டகையில விடுங்க. எடம் காலியா இருக்கு.”

“அய்யோ, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு.”

“தொந்தரவு என்ன, கதவத் தொறந்தா போதும்.”

“இருக்கட்டும் இருக்கட்டும். ஒண்ணும் ஆகாது.”

“அப்பச் சரி” என்று சொல்லிவிட்டு எஸ்கலாந்தே உள்ளே போய்விட்டார்.

வெர்லின் வேலி ஓரத்தில் திகைத்து நின்றார். எங்கள் ஊரில் ஓர் உதவியை முதல் தடவையே வாங்கிக்கொள்பவன் அற்பன். இரண்டாம் தடவை வாங்குபவன் அவசரக்காரன். மூன்றாம் தடவை கேட்கும்போதுதான் “நீங்க இவ்வளவு சொல்றதால” என்று இழுத்துக்கொண்டே சம்மதிக்க வேண்டும். மூன்றாவது கேள்விக்காக வேன் சாவியைக்கூடப் பையிலிருந்து எடுத்து வைத்திருந்தார் மனிதர். பாலைவனத்துக்காரருக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரியும்? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். போய்க் கதவைத் தட்டிக் கேட்கலாம்தான். கேட்பதா? ஹாக்ஸ்டாட் வம்சத்தில் யாரும் கேட்டதில்லை.

காலையில் வேன் முதல் திருப்பிலேயே கிளம்பியது. என்ஜினுக்கு மட்டும் ராத்திரி முழுக்க மின்சாரச் சூடு கொடுப்பது இங்கே எல்லாருக்கும் பழக்கம். “பாத்தியா?” என்று ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினார் வெர்லின். பிறகு பம்பைப் போட்டார். பெல்ட் கிறீச்சென்று கத்தியது. ரப்பர் கருகும் வாடை வந்தது. அணைத்துவிட்டு ஓடிப்போய், கையில் அகப்பட்ட ஹேர் டிரையரைக் கொண்டுவந்து பம்பின் மேல் காட்டினார். முக்கால் மணி நேரத்தில் பனி இளகியது. இளகிய தண்ணீர் குழாய் வழியாக வரவில்லை; பித்தளையில் விரல் நீளத்துக்கு ஓடிய விரிசல் வழியாக அவர் முகத்தில் பீய்ச்சியது.

“அப்பா, என் ஹேர் டிரையரப் பாத்தீங்களா?”

தலையில் சுருள் உருளைகளோடு சோல்வே பனியில் நின்றிருந்தாள். அப்பா முகத்தையும் பம்பையும் பார்த்தாள். புரிந்துகொண்டாள். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை.

“சரிப்பா. கூட்டத்துல யாரு தரையப் பாக்கப்போறாங்க? ஒண்ணும் ஆகாது.”

அறுபது வருஷமாகத் தான் சொல்லிவந்த வார்த்தையை வெர்லின் முதல் தடவையாகக் காதால் கேட்டார். அது இவ்வளவு வலிக்கும் என்று அவருக்குத் தெரியாது. கண் கலங்கியது, குளிரில் இமை ஒட்டிக்கொள்ளுமே என்று துடைத்துக்கொண்டு, நேராகப் போய் எஸ்கலாந்தேயின் கதவைத் தட்டினார்.

“என்ன வெர்லின், எதாச்சும் உதவி வேணுமா?”

‘சேச்சே, அதெல்லாம் வேணாம்’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இந்த ஆள் மூன்றாம் தடவை கேட்க மாட்டாரே.

“வேணும்” என்றார் வெர்லின். குரல் யாருடையதோ போல இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை ஊர் இன்னும் பேசுகிறது. எஸ்கலாந்தே கொட்டகைத் தரையில் சிந்தும் தண்ணீரை உறிஞ்சுகிற தன் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோர்லிஸ் நாலு பேருக்குப் போன் போட்டாள், பதினோரு பேர் வந்தார்கள். தேவாலயத்தின் பிரம்மாண்டமான காபிக் கலங்கள் மூன்றிலும் வெந்நீர் கொதித்தது. அந்தக் கம்பளத்தைக் கறையாக்கியதே அந்தக் கலங்கள்தான் என்பதால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. வெர்லின் காலையிலிருந்து மாலைவரை முட்டி போட்டு, கைப் பிரஷால் கூடம் முழுக்கத் தேய்த்தார். கம்பளம் பச்சை நிறம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் விருந்தில் ஒரு மூலை மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. சோல்வே வெள்ளைச் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த மூலையில்தான் அப்பாவோடு ஆடினாள்.

ஞாயிற்றுக்கிழமை குஞ்சு மீன்கள் நாற்பதும் அமோகமாக இருந்தன. ஏரியில் அவற்றை ஒரு மீனும் சீண்டவில்லை. சம்பந்தி மட்டும் மரியாதைக்கு “மோசமில்ல” என்றார்.

அடுத்த வாரம் புதுப் பம்பு வந்தது. வெர்லின் ரோஸ் கேனின் மூடியைத் திறந்தார், ஹீட்டரை வேனிலேயே ஆணியடித்து மாட்டினார். அன்று மாலை எஸ்கலாந்தே வேலி ஓரம் வந்தார். இதற்குள் யாரோ அவருக்கு ஊர்க் கணக்கைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

“வேனைக் கொட்டகையில விடுங்க, விடுங்க, விடுங்க” என்று மூச்சு விடாமல் மூன்று தடவை சொன்னார். “நீங்க இவ்வளவு சொல்றதால” என்றபடியே சாவியை எடுத்தார் வெர்லின்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்திருப்பீர்கள். நம் ஊரில் பம்பு எங்கே உறையப்போகிறது, இதெல்லாம் குளிர்ப் பிரதேசத்துக் கஷ்டம், நமக்கு ஒன்றும் ஆகாது என்றும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். சொன்னீர்களா? அப்படியானால் தயவுசெய்து எழுந்துபோய், போன மாதம் வீட்டில் உங்களிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு, மூன்றாம் தடவை சொல்லாமல் விட்டுவிட்ட அந்த விஷயம் என்னவென்று கேட்டுவிட்டு வாருங்கள்.