லேமினேஷன் அண்ணனின் இரண்டாவது ஓட்டு

சென்னையில் சந்தேகப் பிராணிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தன் சந்தேகத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, நாலு பக்கமும் சூடாக ஒட்டிப் பாதுகாத்த ஒரே மனிதர் எங்கள் மயிலாப்பூர் சந்தின் லேமினேஷன் அண்ணன்தான்.

ஜெராக்ஸ் கடைக்காரர். ஒண்டிக்கட்டை. கையில் சிக்கிய எந்தக் காகிதத்தையும் லேமினேட் செய்யாமல் விடமாட்டார். ரேஷன் கார்டு சரி. தண்ணீர் லாரி வரும் நேரத்தைக் கிறுக்கிய துண்டுச் சீட்டுக்கு எதற்கு? கேட்டால், "பிளாஸ்டிக் போட்டுட்டா எவனும் திருத்த முடியாதும்மா" என்பார்.

கவுன்சிலர் தேர்தல் வந்தால் சுயேச்சையாக நின்றுவிடுவார். சின்னம் கத்தரிக்கோல். வாக்குறுதிகளையும் லேமினேட் செய்துதான் கொடுப்பார். "என்னையே நான் நம்பமாட்டேன், நாளைக்கு மாத்திட்டன்னா?"

வாக்குறுதியும் ஒன்றுதான்: சந்தின் கால்வாய்ப் பக்க வரிசைக்குக் குழாய்த் தண்ணீர். அங்கே லாரிதான் கதி. கடைசிக் குடம் நிரம்பும்வரை லாரிக்கு முன்னால் கையை விரித்து நிற்பவர் அண்ணன். அதனால் அந்த வரிசையில் பாதிக்கு மேல் அவருக்குத்தான் ஓட்டுக் குத்தும். எதிரே, அவர் கடையும் ஜாகையும் இருக்கும் எங்கள் ஃப்ளாட் வரிசை அவரிடம் ஜெராக்ஸ் மட்டும் எடுக்கும்.

அப்போதுதான் வார்டு எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். அண்ணன் குதித்தார்.

"பாத்தியா! என்னை ஒழிக்கத்தான் கோடு போட்டுக்கீறானுங்க!"

நான் சிரித்தேன். இருநூறு ஓட்டு வாங்குகிறவரை ஒழிக்க எல்லையை மாற்றுவார்களா? இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. லேப்டாப்பில் பழைய வரைபடத்தின் மேல் புதியதை வைத்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றது. கால்வாயை ஒட்டி ஒழுங்காக வந்த கோடு, பக்கத்து இலை வடைக்கு நீளும் கை மாதிரி எங்கள் சந்துக்குள் நுழைந்து, கால்வாய் வரிசையை மட்டும் அள்ளி அக்கரை வார்டில் போட்டிருந்தது.

"அண்ணே, இது உங்களுக்காக இல்ல. கவுன்சிலர் போன தடவ மயிரிழையில ஜெயிச்சாரு. இந்த வரிசை அவருக்குக் குத்தவே குத்தாது. அதான் அக்கரைக்குத் தள்ளிட்டாங்க. அந்தக் கூட்டத்துல இவங்க ஓட்டு கரைஞ்சு போயிடும்."

அண்ணன் முகம் விழுந்துவிட்டது. "அப்போ நான் கணக்குலயே இல்லியா?"

புதிய எல்லை பற்றி ஆட்சேபம் கேட்கும் கூட்டத்துக்குப் பழைய வரைபடத்தை லேமினேட் செய்து எடுத்துப்போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். "கால்வாய் மாதிரி இயற்கையான எல்லைகளைத்தான் எடுத்துக்கிட்டோம்" என்றார் அதிகாரி.

"கால்வா அங்க கீது சார். உங்க கோடு எங்க சந்துக்குள்ள இன்னாத்துக்கு வந்துச்சி? டீ குடிக்கவா?"

கூட்டம் சிரித்தது. கோடு அசையவில்லை.

"அக்கரை வார்டுலயே நில்லுங்கண்ணே, சட்டத்துல இடமிருக்கு" என்றேன்.

"நின்னா அவன் கோட்ட நான் ஒத்துக்கினேன்னு ஆயிடும்" என்று எங்கள் வார்டிலேயே மனு போட்டார்.

தேர்தலன்று கால்வாய் வரிசைக் கற்பகம் அக்கா மூச்சிரைக்கக் கடைக்கு வந்தார். "அண்ணாத்தே, பாலம் தாண்டிப் போயி மெஷின்ல மேலருந்து கீழ வரிக்கும் தேடிட்டேன், உன் கத்திரிக்கோலக் காணம்!"

"நீங்க வேற வார்டும்மா இப்போ."

"இன்னா வேற? லாரி கெளம்பினா நீதான குறுக்க நிக்கற?"

அண்ணன் அணைந்திருந்த லேமினேஷன் மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முடிவு வந்தது. அண்ணனுக்கு இரண்டு ஓட்டு.

"ஒண்ணு என்னுது. இன்னொண்ணு எவன் குத்தினான்?"

விசாரணை ஆரம்பமானது. முதலில், அவர் மனுவை முன்மொழிந்த மாடிவீட்டு மாமாவைப் பிடித்தார். மாமா அலறினார்: "கபாலி சத்தியமா நான் போடலைப்பா! கையெழுத்து மட்டுந்தான் போட்டேன்!"

வீடு வீடாக ஏறி இறங்கி, கடைசியில் என்னிடம் வந்தார். "நீ யாருக்கும்மா குத்துன?"

"அது ரகசியம்ணே."

"கரீட்டு. அப்போ நீ இல்ல. எனக்குக் குத்தியிருந்தா சொல்லிக்கினே திரிஞ்சிருப்ப." சற்று யோசித்தவர் குரலைத் தாழ்த்தினார். "புரிஞ்சிடுச்சி. கோட்ட நியாயமா போட்டோம்னு காட்டறதுக்கு அவனுங்களே ஒண்ணு குத்திக்கீறானுங்க!"

முடிவுத் தாளை லேமினேட் செய்து கடையில் மாட்டிவிட்டார். தடயமாம்.

இப்போது நான் அடையாறில் இருக்கிறேன். தெருமுனையிலேயே ஜெராக்ஸ் கடை உண்டு. ஆனாலும் பஸ் ஏறி மயிலாப்பூருக்குத்தான் போகிறேன். பாதி நாள் அண்ணன் கடையில் இருப்பதில்லை. வேறு வார்டின் லாரிக்கு முன்னால் கையை விரித்து நிற்கிறார். அவர் வரும்வரை சுவரில் தொங்கும் அந்த '2'ஐப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிளாஸ்டிக் போட்டாகிவிட்டது. இனி என் ஓட்டை எவனும் திருத்த முடியாது.