நான்கு மூலையிலும் மஞ்சள்

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ஒரு குழந்தைப் போர்வையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

கிள்ளானில் என் அண்ணன் வீடு. அண்ணியின் பேரனுக்கு அன்று முப்பதாம் நாள் விருந்து. சொந்தக்காரர்கள் மோதிரம், காப்பு என்று போடுவார்கள். இன்று தங்கம் விற்கிற விலையில், நான் நகைக்கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடியும். ஆனால் அண்ணி வாயால் 'கஞ்சம்' என்று மட்டும் பெயர் வாங்கிவிடக் கூடாது.

ஆகவே, குவில்ட்!

துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை அது. இரண்டு வருடமாக எனக்கு அந்தப் பைத்தியம். அதற்கென்றே விற்கும் பருத்தித் துணியின் விலைச்சீட்டைப் படித்துவிட்டு, தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வந்தவள் நான். அதனால் அடியில் பழைய படுக்கை விரிப்பு. உள்ளே பழைய கம்பளி.

மேல்பக்கத்துக்கு மட்டும் வீட்டிலேயே ஒரு புதையல் இருந்தது. விசேஷ வீடுகளில் தாம்பூலப் பையில் வைத்துத் தருவார்களே, ரவிக்கைத் துணி! ஓர் அலமாரித் தட்டு நிறைய. அதை யாராவது ரவிக்கையாகத் தைத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

நான் நூலகவியல் படித்தவள். எதற்கும் சீட்டு ஒட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தட்டில் இருந்த ஒவ்வொரு துணியிலும், யார் தந்தது என்று சீட்டு எழுதிக் குத்தி வைத்திருந்தேன். போர்வையிலும் அதே முறை. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும், தந்தவர் பெயரைச் சிவப்பு நூலில் தைத்தேன். குழந்தை சொந்தபந்தங்களின் ஆசியில் தூங்கட்டும் என்பது என் உயர்ந்த எண்ணம்.

எனக்கு வரும் கேடெல்லாம் என் உயர்ந்த எண்ணங்களால்தான் வருகிறது.

இருந்ததிலேயே அழகான துணி, இளம்பச்சையில் குட்டிக் குட்டி வெள்ளை மாங்காய் போட்டது. ரவாங்கில் இருக்கும் என் சித்தி தந்தது. புதுத் துணியைக் கொடுக்கும்போது ஒரு மூலையில் மஞ்சள் தொட்டு வைப்போம் அல்லவா? இதில் நான்கு மூலையிலும் மஞ்சள்! சித்திக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நெகிழ்ந்தே போனேன். நான்காக வெட்டி, மஞ்சள் மூலைகள் போர்வையின் நடுவில் ஒன்றுசேரும்படி வைத்தேன். பக்கத்தில், சிவப்பு நூலில், 'சித்தி'.

கொமுட்டர் ரயிலில் பக்கத்தில் இருந்த பெண் என் பையை எட்டிப் பார்த்தார்.

"அக்கா, நீங்களே தைச்சதா? ரொம்ப அழகா இருக்கு லா!"

அந்த நிமிடமே இறங்கி வீடு திரும்பியிருக்க வேண்டும்.

கிள்ளானில் கூடம் நிறைய ஆட்கள். அண்ணி போர்வையைப் பாயின் மேல் விரித்தார்.

"பாருங்க, வசந்தி கையாலயே தைச்சிருக்கா! இதெல்லாம் கடையில வாங்க முடியுமா?"

நான் அடக்கமாகத் தரையைப் பார்த்தேன். தரையில்தானே போர்வை இருந்தது.

சித்தி குனிந்து படித்தார். "ஐயோ, என் பேரு! நட்ட நடுவுல! யாரும் மிதிச்சிடாதீங்க!"

டெங்கிலிலிருந்து வந்திருந்த என் பெரியம்மா மகள் புஷ்பா அக்காவும் குனிந்தார். நிமிரவில்லை.

"சித்தி, இது நான் உங்களுக்குக் குடுத்ததுல்ல?"

கூடத்திலிருந்த தலைகள் எல்லாம் சித்தி பக்கம் திரும்பின.

"எனக்கு எத்தனையோ துணி வருது. யாரு குடுத்ததுன்னு நான் என்ன புத்தகத்துலயா எழுதி வைக்கிறேன்?" என்றார் சித்தி. "சரி, நீ மட்டும் கடையிலயா வாங்குன?"

"இல்ல, எனக்கு அது..." புஷ்பா அக்கா யோசித்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஏய் வசந்தி! மூணு வருஷம் முன்ன நவராத்திரிக்கு நீதானே குடுத்த!"

நானா?

நானேதான். குவில்ட் பைத்தியம் பிடிப்பதற்கு முன்னால், நானும் எல்லாரையும் போல, வந்த துணியை வந்த வேகத்தில் அனுப்பிக்கொண்டிருந்தவள். கால் அங்குலப் பிசகைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கும் எனக்கு, நான் கொடுத்த துணி என் வீட்டுக்கே திரும்பி வந்தது தெரியவில்லை. தெரியாததோடு, அதில் இன்னொருவர் பெயரைத் தைத்தும் வைத்திருக்கிறேன்.

"உனக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்றார் சித்தி, நீதிபதி தோரணையில்.

நான் பதில் சொல்லும் அவசியமே ஏற்படவில்லை. அண்ணி மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மஞ்சளில் விரலை வைத்தார்.

"ஒண்ணு, நான் வசந்திக்குக் குடுத்தது. ரெண்டு, வசந்தி. மூணு, புஷ்பா. நாலு, சித்தி. ஆளுக்கு ஒரு மூலை!"

சித்தியின் பெரிய மனசு அந்த இடத்தில் கால்வாசியாகச் சுருங்கியது.

"நீ எங்க வாங்குன?" சித்தி விடவில்லை.

"கடையில லா! லிட்டில் இந்தியாவுல, காசு குடுத்து! இந்தக் குடும்பத்துலயே காசு குடுத்து வாங்குனவ நான் ஒருத்திதான்!"

அதற்குள் மற்றவர்களும் குனிந்துவிட்டார்கள்.

"இந்த ஊதா என்னுது! இதுல ஏன் அவ பேரு இருக்கு?"

"யாராச்சும் ஊசி குடுங்க, பேரைப் பிரிச்சிடலாம்!"

"பிரிக்க முடியாது, இரட்டைத் தையல்," என்றேன். பெருமை பேசுவதற்கு அது நேரமில்லை என்பது, சொன்ன பிறகுதான் உறைத்தது.

சச்சரவை அடக்க, அண்ணி பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து போர்வையின் நட்ட நடுவில் கிடத்தினார். அவன் ஒரு முறை கொட்டாவி விட்டான். பிறகு இளம்பச்சையை, நான்கு மூலையோடும், நன்றாக நனைத்துவிட்டான்.

அதுவரை "என்னுது, உன்னுது" என்றவர்களில் ஒருவர்கூட அந்தத் துண்டு யாருடையது என்று அப்புறம் கேட்கவில்லை.

கிளம்பும்போது வாசலில் தாம்பூலப் பை. புஷ்பா அக்கா பையில் ரவிக்கைத் துணி. சித்தி பையில் ரவிக்கைத் துணி. என் பையில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"உனக்குத் துணி வேணாம்மா, நீ பேரு போட்டுடுவ," என்றார் அண்ணி. "இது புது டப்பா. வெச்சுக்க."

போச்சு! எனக்கிருந்த ஒரே இலவசத் துணிக்கடையும் மூடியாகிவிட்டது. கஞ்சப் பட்டமும் இந்நேரம் கிள்ளான் முழுக்கக் கட்டியிருப்பார்கள். திரும்பும் ரயிலில், துக்கத்தோடு அந்தப் புது டப்பாவைப் புரட்டிப் பார்த்தேன்.

அடியில், அழியாத மையில், என் கையெழுத்தில் எழுதியிருந்தது: 'வசந்தி. தீபாவளி முறுக்கு. டப்பாவைத் திருப்பித் தரவும்.'

தந்துவிட்டார்.