மேஜை காலியாகும் நாள்

முந்தின நாள் இருபத்தேழு புகார்களுக்கும் பதில் எழுதித் தீர்த்துவிட்டுப் போன சின்னக்கா, காலையில் வந்து பார்த்தால் மேஜைமேல் நாற்பத்தொன்று உட்கார்ந்திருந்தன.

அந்த பஸ் கம்பெனியில் புகார்ப் பிரிவு என்றாலே எல்லோரும் காத தூரம் ஓடுவார்கள். திட்டு வாங்குவதுதான் அங்கே வேலை. ஊரின் மறுகோடியில் இருக்கும் டெப்போவில், டிக்கெட்டுகளைக் கட்டுக் கட்டும் அறையில், மூன்று தோழிகளோடு பதினோரு வருடம் சிரித்துக் கிடந்தவளைப் பிடித்து இங்கே போட்டுவிட்டார்கள்.

"ஒரே ஒரு நாள் காலையில இந்த மேஜை காலியா இருக்கட்டும். அன்னைக்கே உன்னைப் பழைய இடத்துக்கு அனுப்பிடறேன்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

சின்னக்கா முகம் சுளிக்கவில்லை. செய்வன திருந்தச் செய் என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். சீட்டில் ஆணி குத்துகிறது என்று ஒருவர் எழுதினால், அந்த பஸ்ஸைத் தேடிப் போய் உட்கார்ந்து பார்ப்பாள். 'ஐயா, என்னையும் குத்தியது. பிடுங்கச் சொல்லிவிட்டேன். நீங்கள் எழுதாவிட்டால் இன்னும் எத்தனை பேர் துள்ளி எழுந்திருப்பார்களோ!' என்று பதில் போடுவாள்.

பக்கத்து மேஜைக் கணக்கர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இவ்வளவு ருசியாப் பதில் போட்டா, ஜனம் மறுபடி எழுதாம என்ன பண்ணும்? நறுக்குன்னு ரெண்டு வரி போதும்மா."

மனசே இல்லாமல் அப்படியே போட்டாள். நாலாம் நாள் அறுபது வந்தது. ஒன்றிலும் பஸ்ஸைப் பற்றிப் பேச்சில்லை. 'பதில் எழுதுகிறவருக்கு உடம்பு சரியில்லையா?' என்றே எல்லாம் கேட்டன.

பதறிப்போய் ஒவ்வொருவருக்கும் பக்கம் பக்கமாக மன்னிப்புக் கடிதம் எழுதினாள். மறுவாரம் தொண்ணூறு. அதில் முப்பது, 'பரவாயில்லை அம்மா' என்று சொல்ல வந்தவை.

"இது புகாரே இல்லையே சார்?"

"புகார்ப் பெட்டியில விழுந்தா எல்லாம் புகார்தான். பதில் போடு" என்றார் மேனேஜர்.

மதியம் தனியாக டிபன் டப்பாவைத் திறந்தபோது அவளுக்கு டெப்போ ஞாபகம் வந்தது. அங்கே என்றால் நாலு டப்பாவும் நடுவில் இருக்கும். ஒருத்தி கண்டக்டர் மாதிரி பேசிக் காட்டுவாள். விக்கல் எடுக்கும்வரை சிரிப்பார்கள். எந்த டப்பா யாருடையது என்று கடைசிவரை தெரியாது. அந்த நாளெல்லாம் இனி எப்போது வரும் என்று ஏங்கிப் போனாள்.

அந்த நேரம் பார்த்து, டெப்போவிலிருந்து தினமும் தபால் பை சுமந்து வரும் ஊழியர் இன்னொரு கட்டைக் கொண்டுவந்து வைத்தார். சின்னக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணே, கொஞ்ச நாளைக்கு இதைக் கொண்டு வராதீங்களேன். மேஜை காலியானாத்தான் என் தோழிங்ககிட்ட நான் திரும்பிப் போக முடியும்."

அவர் திருதிருவென்று விழித்தார்.

"ஐயோ, அது தெரியாமத்தானேம்மா அந்த மூணு பேரும் வீட்டுப் பிள்ளைங்களை எல்லாம் உட்கார வெச்சு ஊர்ப்பட்ட புகாரா எழுதித் தள்றாங்க, உன் பதிலைச் சத்தமாப் படிச்சாத்தான் அங்க மத்தியானம் சோறே இறங்குது!"