சூசோ ராணிக்கு ஏற்றிய குத்துவிளக்கு

ஒருவருடைய படத்துக்கு மாலை போடுவதற்கு முன்னால் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த இந்த விஷயம் எனக்கு இருபத்தாறு வயதுவரை தெரியவில்லை. தெரிந்தபோது ஒரு மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை. மயிலாப்பூர் ராமபத்ரன் மாமா ஒரு கலாசார சங்கத்தின் செயலாளர். அவருடைய மகள் வசந்தியைப் பெண் பார்த்துவிட்டு நான் நங்கநல்லூரில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜாதகம் பொருந்திவிட்டது. வசந்திக்கும் ஆட்சேபம் இல்லை (அப்படித்தான் சொன்னாள், பிடித்திருக்கிறது என்று இன்றுவரை சொல்லவில்லை). மாமாதான் பிடி கொடுக்கவில்லை. ஜாதகத்தில் எல்லாம் தெரியாது, ஒரு காரியத்தை ஒப்படைத்துப் பார்த்தால் பையனின் லட்சணம் தெரிந்துவிடும் என்று என் அப்பாவிடமே சொல்லிவிட்டார்.

காரியமும் வந்து சேர்ந்தது. சீனாவில் சூசோ என்ற நகரத்திலிருந்து ஒரு கலைக்குழு சென்னைக்கு வருகிறது. கால்வாயும் பட்டும் பாட்டுமாக இருக்கிற ஊர். “நம்ம மயிலாப்பூர் மாதிரின்னு வெச்சுக்கோயேன்” என்று மாமா விளக்கினார் (கால்வாய் நம்மிடமும் இருக்கிறது, பக்கத்தில் போனால் மூக்கே சொல்லிவிடும்). அந்த ஊரின் பெரிய மனிதர்கள், அந்தக் காலத்தவர்களும் இந்தக் காலத்தவர்களும், மேடையில் படமாக வரிசையாக நிற்க வேண்டும். படங்களுக்காக அவர்கள் அனுப்பிய புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். முழுக்கச் சீன எழுத்து.

நான் அசரவில்லை. கையில் சுவடி இருந்தால் கவிஞர், மூலிகை இருந்தால் வைத்தியர், ஒன்றும் இல்லாமல் தாடி மட்டும் இருந்தால் மந்திரி என்று நானே பதவி கொடுத்துக்கொண்டு, தி. நகரில் பேனர் வரைகிற கோவிந்தனிடம் போனேன். அவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“சார், இதுல உயிரோட கீறவங்க யாரு, பூட்டவங்க யாரு?”

உயிரோடு இருப்பவர் என்றால் பின்னணியில் நீல வானமாம். போனவர் என்றால் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமாம். அதுதான் அவர் தொழில் முறை.

கடைசிப் பக்கத்தில் ஒரு பெண்மணி இருந்தார். தலையில் முத்தும் மணியுமாகக் கிரீடம், தரையைப் பெருக்கும் பட்டு அங்கி, கன்னம் முழுக்கச் சிவப்புச் சாயம். சந்தேகமே இல்லாமல் மகாராணி என்றேன். செத்து ஐந்நூறு வருஷமாவது இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ராணியை யார் போட்டோ எடுத்திருப்பார்கள் என்ற கேள்வி என் பட்டதாரி மூளையில் எழவே இல்லை.

“அப்போ அல்லாருக்கும் வட்டம் போட்டுரவா?” என்றார் கோவிந்தன்.

“போட்டுடுங்க” என்றேன் தாராளமாக.

அடையாறில் ஒரு மண்டபத்தில் விழா. படங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், ஊதுபத்தி, மாலை. ராணி ஆயிற்றே என்று அந்த அம்மாளுக்கு மட்டும் பெரிய சம்பங்கி மாலையாகப் போட்டு, எதிரில் குத்துவிளக்கையும் ஏற்றி வைத்தேன். மாமா வந்து பார்த்துவிட்டு “பரவாயில்லையே” என்றார். அவர் வாயால் அது பெரிய பட்டம். எனக்கு மனசுக்குள் நாதஸ்வரம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

குழு வந்தது. தலைவி, சாம்பல் நிறக் கோட்டும் கட்டையாக வெட்டிய முடியுமாக, பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை மாதிரி ஓர் அம்மாள். மாமா பூத்தட்டை நீட்டி, முதல் மலரஞ்சலியை அவரே செய்ய வேண்டும் என்று ராணியின் படத்தருகே அழைத்துப் போனார். அந்த அம்மாள் படத்தைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். அவர்களோடு வந்த மொழிபெயர்ப்பாளர் எங்களிடம் சந்தோஷமாகச் சொன்னார்: படத்தில் இருப்பது இவரேதான், எங்கள் ஊரிலேயே பெயர் பெற்ற இசை நாடகப் பாடகி, இது இவருடைய மேடை வேஷம்.

முன்வரிசையில் இருந்த வசந்தியின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமா விளக்கை அணைக்கக் குனிந்தார். அணைத்தால் அதைவிட அபசகுனம் என்று உறைத்து, பாதி குனிந்தபடியே நின்றுவிட்டார். அதற்குள் அந்த அம்மாள் தட்டிலிருந்து பூவை அள்ளித் தன் படத்துக்குத் தானே அஞ்சலி செலுத்திக் குனிந்து வணங்கினார்.

“உயிரோட இருக்கறவாளுக்குத் திவசம் பண்ணிட்டியேடா” என்றார் மாமா பல்லைக் கடித்துக்கொண்டு.

அதுவரை அவர் என்னை ‘டா’ போட்டதில்லை. கல்யாணம் கைநழுவிவிட்டது என்று தெரிந்துபோயிற்று. வசந்தி இருந்த பக்கம் திரும்பக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் வசந்தி மேடைக்கே வந்துவிட்டாள். படத்திலிருந்து மாலையைக் கழற்றினாள், அதே வேகத்தில் அந்த அம்மாளின் கழுத்தில் போட்டாள். அடுத்த நிமிஷம் துக்க வீடு பாராட்டு விழாவாக மாறிவிட்டது. மண்டபம் மூச்சு விட்டது, பிறகு கை தட்டியது.

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ ஊரில் பாடியிருக்கிறாராம்; ஆனால் தலைக்குப் பின்னால் ஒரு வெளிச்சமும் முகத்துக்கு முன்னால் ஒரு விளக்கும் யாரும் வைத்ததில்லையாம். இதையெல்லாம் செய்த பையன் உங்கள் மகனா என்று மாமாவைக் கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார் (அந்தப் பார்வையை விவரித்தால் இப்போதும் எனக்கு வியர்க்கும்). மகன் என்று பொய் சொல்ல முடியாது. யாரோ என்று சொன்னால் சங்கத்தின் மானம் போகும். தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “மாப்பிள்ளை” என்றார்.

அயல்நாட்டார் முன்னிலையில் சொன்ன வார்த்தையை வாபஸ் வாங்க அவருக்கு மனசு வரவில்லை. தை மாதம் எனக்குக் கல்யாணம்.

அதற்குப் பிறகு எங்கள் ஆத்து விசேஷம் எதிலும் என்னை மாலை தொட விட்டதில்லை. “மாப்பிள்ளையைப் படத்துப் பக்கம் விடாதீங்கோ, மனுஷா உயிரோட இருக்கா” என்று வந்தவர்களிடமெல்லாம் மாமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

போன வருஷம் மாமா காலமானார். பதின்மூன்றாம் நாள் அவருடைய படம் கண்ணாடி போட்டு வந்தது. மாமி மாலையை என் கையில் கொடுத்தாள். நான் நிமிர்ந்தபோது, அழுது சிவந்த கண்ணோடு வசந்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“எதுக்கும் அப்பாவை ஒருதரம் நன்னா விசாரிச்சுண்டு போடுங்கோ.”

அத்தனை நாளும் வாயே திறக்காமல் இருந்த மாமிதான் முதலில் சிரித்தாள். படத்திலிருந்த மாமா மட்டும் என்னை நம்பாமலே பார்த்துக்கொண்டிருந்தார்.